எண்ணெய் டின் மேல் போட்ட பழி

"எதைத் தூக்குனீக ஆச்சி?"

இடுப்பு விட்டுப்போய் நான் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான். நானும் சலிக்காமல் சொன்னேன். எண்ணெய் டின். 15 கிலோ. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று வீட்டுப் பலகாரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். விடியக்காலை நாலரை மணிக்கு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த டின்னைக் குனிந்து தூக்கி, நின்ற நிலையிலேயே உடம்பை முறுக்கி அடுப்புப் பக்கம் வைக்கப் போனேன். இடது இடுப்பில் ஏதோ சுண்டியது. டின்னைப் பத்திரமாக இறக்கிவிட்டேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்று முழுக்க அடுப்படியில் நின்று தேன்குழலும் பிழிந்தேன். மறுநாள் காலை பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. வலி இடுப்பில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, கால் சுண்டுவிரல் வரைக்கும் சூடு வைத்த கம்பி மாதிரி ஓடியது.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அந்த டின் மேல் வீணாகப் பழி போட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. இருபது வருஷமாக அதே டின்னைத்தானே தூக்கிக்கொண்டிருந்தேன்? யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே காலையில் எழுந்தால் அரை மணி நேரம் இடுப்பு மரக்கட்டையாக இருந்தது. வயசு 47, இனி இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். உள்ளே நடந்துகொண்டிருந்தது வேறு கதை. அதை எனக்குப் புரியவைத்தவர்கள் மதுரையில் ஒரு டாக்டரும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த என் மகளும்.

முதல் மூன்று வாரம் நான் செய்ததெல்லாம் கோளாறு. அசைந்தால் வலிக்கிறது என்று படுத்தே கிடந்தேன். மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைப் பத்து நாள் விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டேன். சுளுக்கு வழிக்கிறவர் ஒருவரை வரவழைத்தோம். முதுகில் முழங்காலை ஊன்றி ஒரு திருப்பு திருப்பினார், அன்று ராத்திரி உயிர் போய் உயிர் வந்தது. அவரையும் குறை சொல்ல மாட்டேன். கழுத்துப் பிடிப்புக்கு அவர் கை நல்ல கை. இது அவர் கைக்கு உட்பட்ட சமாச்சாரம் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்கேன். எடுத்த இடத்தில் ஒருவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "டிஸ்க் நகந்துருச்சும்மா, இனிமே குனியவே கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை வலியைவிட அதிக நாள் என்னைப் படுக்கவைத்தது. கீழே விழுந்த ஸ்பூனை எடுக்கக்கூட ஆளைக் கூப்பிட்டேன்.

மதுரை டாக்டர் படத்தைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் காலைத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலை மேலே மடக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்த்தார், குதிகாலில் நடக்கச் சொன்னார், எங்கெங்கே மரத்திருக்கிறது என்று தொட்டுக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "டிஸ்க் எங்கயும் நகராதும்மா. மேலேயும் கீழேயும் எலும்போட ஒட்டித்தான் இருக்கு. உள்ள இருக்கறது கொஞ்சம் பிதுங்கியிருக்கு." இடுப்பு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்திருக்கிறார்கள். 50 வயதில் நூற்றுக்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்ததாம், 60 பேருக்குப் பிதுக்கம். ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்கள்! அப்படியானால் என் வலிக்குக் காரணம் படத்தில் தெரிகிற வடிவம் மட்டும் இல்லை. வேறென்ன என்று கேட்டேன். "அழற்சி" என்றார். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குமே, அந்த வினை. வரிசையில் ஆள் காத்திருந்ததால் அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை. மிச்சத்தைச் சொன்னது மகள். சீடை வடியப்போட்ட செய்தித்தாளின் ஓரத்தில் படம் போட்டே சொன்னாள்.

முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே 23 டிஸ்க் இருக்கிறது. வெளிப்பக்கம் நார் நாராகச் சுற்றிய வளையம், உள்ளே இளநீர் வழுக்கை மாதிரி கொழகொழப்பு. அந்தக் கொழகொழப்பில் அக்ரிக்கான் என்று ஒரு பொருள் இருக்கிறதாம், தண்ணீரைப் பிடித்துவைப்பது அதன் வேலை. இதையெல்லாம் செய்து, பழுது பார்த்து வைப்பது டிஸ்க்குக்குள் இருக்கும் செல்கள். டிஸ்க்கின் மொத்தக் கன அளவில் அவை ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். இவ்வளவு பெரிய வீட்டுக்கு இத்தனை குறைவான வேலையாளா என்று கேட்டேன். "ஆத்தா, அது மட்டுமில்ல, அவுகளுக்குச் சோறும் ஒழுங்காப் போகாது" என்றாள்.

விஷயம் இதுதான். நம் உடம்பில் ரத்தக்குழாய் நுழையாத பாகங்களில் பெரியது டிஸ்க். தசையில் உள்ள செல்லுக்கு ரத்தம் வாசலிலேயே நிற்கிறது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் குழாய் இருக்கும். டிஸ்க்கின் நடுவில் இருக்கும் செல்லுக்கு அது ஏழெட்டு மில்லிமீட்டருக்கு அப்பால். மேலும் கீழும் இருக்கிற மெல்லிய குருத்தெலும்புத் தட்டு வழியாக ஆக்சிஜனும் சர்க்கரைச் சத்தும் கசிந்து கசிந்துதான் உள்ளே வரவேண்டும். கழிவும் அதே வழியாகத்தான் வெளியே போகவேண்டும்.

எங்கள் பக்கத்து ஊரணி நினைவுக்கு வந்தது. செட்டிநாட்டு ஊரணிக்கு ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து சேரவேண்டும். கால் தூர்ந்துபோனால் ஊரணி ஒரே நாளில் வற்றாது. முதலில் தண்ணீர் கலங்கும், அப்புறம் பாசி, அப்புறம் நாற்றம். வயசு ஆக ஆக அந்தக் குருத்தெலும்புத் தட்டில் சுண்ணாம்பு படிந்து வரத்து குறைகிறது. சிகரெட், பீடி பிடிக்கிறவர்களுக்குச் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்கி இன்னும் குறைகிறது. பின்லாந்தில் ஒருவர் புகைபிடித்து மற்றவர் பிடிக்காத இரட்டையர்களை ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள், 1991-ல் வெளிவந்தது. புகைத்தவரின் இடுப்பு டிஸ்க்கில் தேய்மான அளவு 18 சதவீதம் அதிகம். இதை எங்கள் வேன் டிரைவரிடம் சொன்னேன். "எனக்கு முதுகு வலிக்கலையே ஆச்சி" என்று சிரித்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

டிஸ்க் செல்கள் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகியவைதான். அதுவே அவற்றுக்குக் கஷ்டம் இல்லை. ஆக்சிஜன் அதிகம் இல்லாமலே சர்க்கரையை உடைத்துப் பிழைக்கின்றன, அதில் மிஞ்சுவது லாக்டிக் அமிலம். அமிலம் வெளியேறாமல் தேங்கி, சர்க்கரைச் சத்தும் குறைந்து, மேலே பாரமும் இறங்காமல் இருந்தால் செல் திணறுகிறது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, கண்டதையும் அரிக்கிற ஆக்சிஜன் துகள்களைக் கக்குகிறது. செல்லின் அழுத்தம் என்று மகள் சொன்னது இதைத்தான். மனசு அழுத்தம் இல்லை, நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

திணறுகிற செல்களில் சில செத்துப்போகும். சில சாகாது, வேலையும் செய்யாது. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது என்று அவள் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் தெருவில் ஒரு வீடு பதினைந்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு நாட்டில், கையெழுத்து ஒத்துவரவில்லை. வீடு விழவில்லை, பர்மா தேக்குத் தூண் அப்படியே நிற்கிறது. ஆனால் ஓடு உடைந்து மழை இறங்குகிறது, அங்கே பிடித்த கரையான் எங்கள் மூன்றாம் கட்டு நிலைக்கதவு வரைக்கும் வந்துவிட்டது. இப்படிச் சாகாமல் மூப்படைந்த டிஸ்க் செல் பண்ணுவதும் இதேதான். இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். என்று அழற்சியைக் கிளப்பும் பொருள்களைக் கசியவிடுகிறது. பக்கத்தில் நன்றாக இருக்கும் செல் அதைக் கேட்டுத் தானும் அதே வேலையைத் தொடங்குகிறது. அக்ரிக்கானையும் நாரையும் கட்டவேண்டிய செல், அவற்றை அறுக்கிற நொதிகளைச் சுரக்கிறது. அக்ரிக்கான் போனால் தண்ணீர் நிற்காது. தண்ணீர் இல்லாவிட்டால் பாரம் எல்லாம் வெளிவளையத்து நாரின் மேல். நாரில் கீறல் விழுகிறது. இப்படியே வருஷக்கணக்கில் ஓடி, ஒரு நாள் விடியக்காலை ஓர் எண்ணெய் டின் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது.

நரம்பு விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியம். பிதுங்கினது நரம்பை நசுக்குகிறது, அதனால் கால் வலி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சுவீடனில் 1993-ல் பன்றிகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். டிஸ்க்கின் உள் கொழகொழப்பை எடுத்து, நசுக்காமல், நரம்பு வேரின் மேல் சும்மா வைத்தார்கள். அதற்கே நரம்பு பழுதாகிவிட்டது. நசுக்கல் ஒரு பங்கு, ரசாயனம் ஒரு பங்கு. அதனால்தான் சின்னப் பிதுக்கம் உள்ளவர் துடிக்கிறார், பெரிய பிதுக்கம் உள்ளவர் சைக்கிள் மிதிக்கிறார்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சங்கதியும் உண்டு. வெளியே வந்த துண்டைத் தின்று கரைப்பதும் இந்த அழற்சிதான். ரத்தத்திலிருந்து வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை வேண்டாத பொருளாகப் பார்த்து மெல்ல மெல்ல விழுங்குகின்றன. அறுவை இல்லாமல் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு இப்படிச் சுருங்குவதாக 2017-ல் ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அதிலும் நன்றாகப் பிதுங்கி வெளியே வந்ததுதான் சீக்கிரம் கரைகிறதாம், லேசான உப்பலைவிட. இது தெரிந்த அன்றுதான் எனக்குப் பொறுமை வந்தது. வலிக்கிற ஒவ்வொரு நாளையும் மோசமாகிக்கொண்டே போகிறது என்று எண்ணியிருந்தேன். உள்ளே துப்புரவு நடக்கிறது என்று நினைத்துப் படுத்தால் தூக்கமாவது வருகிறது.

பொறுமை என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பொறுக்கவே கூடாதவை உண்டு. பாதம் தொங்கிப்போய் செருப்பு இழுபட்டால், இரண்டு காலிலும் வலியோ மரப்போ வந்தால், உட்காரும் இடத்திலும் தொடை நடுவிலும் உணர்ச்சி போனால், சிறுநீர் வராமல் போனாலோ தெரியாமல் போனாலோ, அன்றே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. எனக்கு இவை ஒன்றும் இல்லை. எட்டாவது வாரத்தில் கால் வலி பாதியாகி, மூன்றாம் மாதம் இடுப்பில் மட்டும் மிச்சமிருந்தது.

சரி, என்ன மாற்றினேன்?

கோலம். இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ராத்திரி படுத்திருக்கும்போது பாரம் இறங்குவதால் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக எழுந்திருக்கிறோம், சாயங்காலத்துக்குள் அது வடிந்துவிடும். அப்படி முழுக்கத் தண்ணீர் குடித்து விறைத்திருக்கும் நேரத்தில் குனிந்தால் நாரின் மேல் இழுப்பு மிக அதிகம். நானோ எழுந்ததும் முதல் வேலையாக வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, குனிந்தபடி கால் மணி நேரம் கோலம் போடுவேன். அமெரிக்காவில் 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி உள்ள நாட்கள் குறைந்திருக்கின்றன. இப்போது எழுந்து, காபி குடித்து, ஊரணியை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்துதான் துடைப்பத்தைத் தொடுகிறேன். விடிந்த பிறகு கோலம் போடுகிறாள் என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள், பேசட்டும். மூன்று மாதத்தில் காலை விறைப்பு போய்விட்டது. எனக்குக் கிடைத்த பலனில் பெரிய பங்கு இதனால்தான் என்பது என் கணிப்பு.

டின் இன்னும் வருகிறது. ஆனால் வந்த அன்றே பையன் அதைப் பிரித்து ஐந்து கிலோ தூக்குவாளிகளில் ஊற்றி, இடுப்பு உயர மேடையில் வைத்துவிடுவான். ஜெர்மனியில் ஒருவர் தன் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் கருவியை வைக்கச் சம்மதித்திருக்கிறார், 1999-ல் வெளிவந்த கணக்கு அது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), நிற்கும்போது 0.5. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. முட்டியை மடக்கித் தூக்கினால் 1.7. அதே பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 1.1. ஒரே ஓர் ஆளின் கணக்குதான், ஆனாலும் பாரத்தை மார்போடு அணைத்துத் தூக்க எனக்கு அது போதும்.

மனைப் பலகையில் குந்தி தேன்குழல் பிழிவதை விட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, என் ஆயா காலத்து மனை அது. அடுப்பை மேடைக்கு ஏற்றினேன். ஆனால் நின்றே கிடப்பதும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. டிஸ்க் செல்லுக்குப் பாரமே ஆகாது என்றில்லை. ஏறி இறங்கும் அளவான பாரம் வந்தால் அது நன்றாக வேலை செய்கிறது, ஒரே பாரம் மணிக்கணக்கில் நின்றால்தான் திணறுகிறது. வேகமாக நடக்கிறவர்கள், மெதுவாக ஓடுகிறவர்களின் டிஸ்க்கில் தண்ணீர்ச்சத்து கூடுதலாக இருப்பதாக 2017-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதனால் ஒரு ஈடு எண்ணெயிலிருந்து எடுத்ததும் முகப்பு வரைக்கும் ஒரு நடை. எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. கட்டிய அப்பச்சிமார்களுக்கு இதற்காகத் தனியாக ஒரு கும்பிடு.

ராத்திரி ஆர்டர் எடுப்பதில்லை. வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் டிஸ்க் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நான் அடுப்படியில் நின்றால் அது எப்போது குடிக்கும்?

சர்க்கரை. ரத்தச் சோதனையில் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 6.2 காட்டியது, வியாதி வாசல் வரை வந்து நிற்கிறது என்று அர்த்தம். பாகுப் பதம் பார்க்கிறேன் என்று நாள் முழுக்க நாக்கில் வைத்தது வீண் போகுமா? அதிரசம் சிவக்கிறதே, அது சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடுகிற வினை. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அதே மாதிரி வினை சூடு இல்லாமலே, மிக மெதுவாக, டிஸ்க்கின் நாரிலும் நடக்கிறது. நார் விறைக்கிறது, செல்லும் அழற்சிக்குத் தூண்டப்படுகிறது. இப்போது பதம் பார்க்கத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பதோடு சரி. 6.2 இப்போது 5.8.

வீணாய்ப்போன காசும் உண்டு. டிஸ்க் வளரும் என்று சொல்லி விற்ற கொலாஜன் பொடி நாலு டப்பா. எந்தப் புரதத்தைத் தின்றாலும் வயிறு அதை உடைத்துத்தான் உள்ளே அனுப்பும், பருப்பு அதைவிட மலிவு. இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டியிருந்தேன், தசை சோர்ந்ததுதான் மிச்சம். இப்போது தூரப் பயணத்துக்கு மட்டும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் டிஸ்க் புதிதாகிவிடும் என்று ஒருவர் லட்சத்தில் விலை சொன்னார். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்று மதுரை டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

என் ஆத்தாவுக்கும் இடுப்பு வலி, அவுகளோட ஆத்தாவுக்கும். அவர்கள் டின் தூக்கியதில்லை. பின்லாந்து இரட்டையர்களைத் தொடர்ந்து பார்த்ததில், செய்த வேலையின் பாரத்தைவிடப் பிறப்பு வழிக்குத்தான் டிஸ்க் தேய்மானத்தில் பெரிய பங்கு என்று தெரிந்ததாம். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு ஆறுதல், மகளுக்கு ஒரு கவலை. அவள் இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒன்பது மணி நேரம் உட்காருகிறாள். ஊருக்கு எல்லாம் விளக்கியவள், தான் எழுந்து நடக்கிறாளா என்று நான் போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

போன வாரம் மாவு பிசைகிற தங்கச்சி, வயசு 34, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காலையில எந்திரிச்சதும் கொஞ்ச நேரம் புடிச்சுக்குது ஆச்சி, அப்புறம் சரியாப் போயிருது" என்றாள். எதையாவது தூக்கினாயா என்று வாய் வரை வந்தது. எத்தனை மணிக்கு வாசல் தெளிப்பாய் என்று கேட்டேன். நாலே முக்கால் என்றாள். அவள் மனையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு ஒரு ஸ்டூல் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமையிலிருந்து ஊரணிக்கு அவளும் வருகிறாள்.